பினாயில் கழுவிய கற்கள்

மூன்றாம் மாடியில் அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற வீட்டுக்காரர், ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டு ஊருக்கெல்லாம் துணி தைத்துக்கொடுத்த அவர் மனைவி, அப்புறம் மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு வயது இருபத்திரண்டு. நிறம் ஆரஞ்சு, குறுக்கே மூன்று வெள்ளைப் பட்டை. நீளம் ஐந்து விரற்கடை. வேலை வெட்டி கிடையாது. ஆனாலும் காலையில் அவர் சாப்பிட்ட பிறகுதான் மற்ற இருவருக்கும் தட்டு வைக்கப்படும்.

லிஃப்ட்காரருக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது கல்யாணமான இரண்டாம் வருஷம். ஜாம் பாட்டிலில் ஒரு ஜோடி குப்பி மீன் வாங்கிவந்தார். ஜோடி என்று கடைக்காரர் சொன்னதில் பொய்யில்லை. மூன்று மாதத்தில் ஜாம் பாட்டில் பதினொன்று ஆயிற்று. ஆறு மாதத்தில் குளிக்கிற வாளி போயிற்று. வளர்ந்ததையெல்லாம் அவர் பொட்டலம் கட்டித் தெருவுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். தபால்காரர் பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்கினால் பதிலுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். கடைசியில், அவர் கையில் பிளாஸ்டிக் பையோடு வருவதைப் பார்த்தால் ஜனங்கள் வெளிப்பக்கம் பூட்டுப் போட்டுவிட்டுப் பின்பக்கமாக வீட்டுக்குள் போனார்கள்.

மீனோடு கூட ஒரு துண்டு அழுக்குப் பஞ்சும் கொடுப்பார். தன் தொட்டி வடிகட்டியிலிருந்து பிய்த்தது. கருப்பாக, சேற்று வாசனையோடு இருக்கும்.

"இதை உங்க தொட்டியில போடுங்க. கழுவிடாதீங்க. தயிருக்கு உறை ஊத்துற மாதிரி. இதுலதான் கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க இருக்கு. மீனோட கழிவை அதுங்கதான் சாப்பிட்டுச் சரிபண்ணும்."

மீனை வாங்கிக்கொண்டவர்கள் பஞ்சைத் தெருமுனையில் எறிந்தார்கள். ஒரே ஒருவர்தான் பஞ்சை மரியாதையாக வாங்கிக் கைக்குட்டையில் மடித்து எடுத்துப்போனார். அவர் பல் டாக்டர். அவரைப் பற்றி வேண்டிய இடத்தில் சொல்லலாம்.

குப்பியிலிருந்து கடல் மீனுக்குப் போக எட்டு வருஷம் ஆயிற்று. வரவேற்பறையில் ஒரு சுவர் நீளத்துக்குத் தொட்டி வந்தது. அதைத் தாங்க மரப்பெட்டி. பெட்டிக்குள் கீழே இன்னொரு தொட்டி, அதில் ஓட்டை ஓட்டையான கடல் கற்களும் வடிகட்டிப் பஞ்சும். மேலே இருக்கிற தண்ணீர் குழாய் வழியே கீழே இறங்கி, கற்களுக்குள் புகுந்து புறப்பட்டு, மோட்டார் வழியே மறுபடி மேலே ஏறும். "இதுவும் லிஃப்ட்தான், என்ன, தண்ணிதான் ஏறி இறங்குது" என்பார். அந்தக் காலத்தில் உப்புப் பொட்டலம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான்கு கேனோடு பஸ் ஏறிக் கடலுக்குப் போவார். திரும்பும்போது கண்டக்டர் கேனுக்கும் டிக்கெட் போடுவார். ஒருமுறை தையல்காரம்மாவும் மகளும்கூடப் போனார்கள். மகளுக்கு அப்போது ஆறு வயது. கடலை முதன்முதலாகப் பார்த்துவிட்டு, "இவ்வளவையுமா அப்பா வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்டாள்.

ஜோடியைப் பொறுக்கியதும் அவள்தான். கோமாளி மீன் இரண்டு. மாப்பிள்ளை, பொண்ணு என்று பெயரும் வைத்தாள். மூன்றாவது மாதம் பொண்ணு மூடியின் இடுக்கு வழியே எகிறிக் குதித்து, தையல் மெஷின் மிதிகட்டைக்குக் கீழே காய்ந்து கிடந்தது. தனித்துப்போன மாப்பிள்ளை துக்கம் காத்தார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்ணாகிவிட்டார். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஜாதி மீன் அப்படித்தான். தையல்காரம்மாவுக்கு அளவெடுக்கிற கண். "இடுப்பு கூடியிருக்குங்க இதுக்கு" என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

"அப்ப பேரை மாத்தணுமா?" என்றாள் மகள்.

"பாஸ்போர்ட்டா எடுத்திருக்கு மாத்துறதுக்கு? இருக்கட்டும்" என்றார் லிஃப்ட்காரர்.

மகளின் உயரத்தை வருஷா வருஷம் அந்த மரப்பெட்டியின் கதவு உட்புறத்தில்தான் குறித்தார்கள். மற்ற அப்பாக்கள் பென்சிலால் கோடு போடுவார்கள். இவர் மெக்கானிக், திருப்புளியால் கீறினார். நாலு வயதுக் கோட்டோடு பெட்டிக் கதவு முடிந்துவிட்டது. அவளோ வளர்ந்து, படித்து, கல்யாணமாகி, கடல் தாண்டிப் போய்விட்டாள். ஞாயிறுதோறும் ஃபோனில் முதல் கேள்வி, "மாப்பிள்ளை எப்படியிருக்காரு?" இரண்டாவது கேள்விதான் அப்பா அம்மாவுக்கு. அவளுடைய புருஷன் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கட்டடத்து லிஃப்ட் பழங்காலத்தது. வெளியே ஒரு கம்பிக் கதவு, உள்ளே ஒரு கம்பிக் கதவு. ஓடும்போது உள்கதவு ஒரு விரற்கடை விலகினாலும் லிஃப்ட் இருந்த இடத்திலேயே நின்றுவிடும், பாதுகாப்புக்காக அப்படி. லிஃப்ட்காரர் வேலை முடிந்து ஏறிவரும் சத்தம் மாப்பிள்ளைக்குத் தெரியும். வேறு யார் ஏறினாலும் அசையமாட்டார். இவர் ஏறினால், லிஃப்ட் முதல் மாடி தாண்டும்போதே தொட்டியின் இடது மூலைக்கு வந்து நின்றுகொள்வார். அதைப் பார்த்துத்தான் தையல்காரம்மா அடுப்பைப் பற்றவைப்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டில் லிஃப்ட்காரரின் வலது முழங்கால் மக்கர் பண்ணியது. லிஃப்ட்டின் கீழ்க்குழிக்குள் முப்பத்தாறு வருஷம் மண்டிபோட்ட முழங்கால். ஆபரேஷன் என்றார்கள். திங்கட்கிழமை சேர்த்து, சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகப் பேச்சு. போவதற்கு முன் லிஃப்ட்காரர் தன் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவியைத் தொட்டிமுன் நிறுத்திப் பாடம் எடுத்தார்.

"காலையில ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை. தினம் சின்னக் குப்பியில தொட்டித் தண்ணி எடுத்து, சொட்டு மருந்து விட்டுக் கலரைப் பாரு. மஞ்சளா இருந்தா நல்லது. பச்சையாச்சுன்னா விஷம் ஏறுதுன்னு அர்த்தம். வேற எதையும் தொடாத."

"முப்பது வருஷமா இதைத் தொடச்சுட்டுத்தான் இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"வெளியே தொடை. உள்ளே தொடாத."

துணைக்குத் தையல்காரம்மாவின் தம்பி வந்து சேர்ந்தார். அவர் வேறொரு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறையைக் கழுவுகிற உத்தியோகம். கத்தி, கத்தரிக்கோல், சுவர், தரை, எதில் என்ன ஒட்டியிருந்தாலும் கொன்றுவிடுவார். குடும்பத்தில் அவருக்குப் பினாயில் என்று பெயர். அவர் கைகுலுக்கினால் இரண்டு நாளைக்கு நம் கையில் ஈ உட்காராது. அக்கா வீட்டு வாசற்படி ஏறியதும் மூக்கைச் சுருக்கினார்.

"என்னக்கா இது, வீட்டுக்குள்ள சேத்து வாடை?"

"அது கடல் வாடைடா. மூக்கைப் பொத்திக்கிட்டுச் சாப்பிடு."

செவ்வாய்க்கிழமை காலை தையல்காரம்மா ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனார். லிஃப்ட்காரர் கட்டுப்போட்ட காலோடு மல்லாந்து படுத்து, கூரையில் மின்விசிறி சுற்றுவதில் என்ன கோளாறு என்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்லபடியாக இருந்தார். அம்மா மத்தியானம் நிம்மதியாக வீடு திரும்பினால், பினாயில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்த்து வழிந்து, கல்யாண வீட்டுப் பெண்ணின் தகப்பன் மாதிரி சந்தோஷமாக நின்றார்.

"வா வா. கண்ணைக் கூசுதா பாரு."

மரப்பெட்டிக் கதவு திறந்திருந்தது. கீழ்த்தொட்டியில் இருந்த கற்கள் அத்தனையும் வெள்ளை வெளேரென்று பல்வரிசை மாதிரி இருந்தன. கருப்பாக இருந்த பஞ்சு, கடையில் வாங்கியபோது இருந்த நிறத்துக்குப் போய்விட்டது.

"என்னடா பண்ணின?"

"ஒரு கல்லு விடாம வெளியே எடுத்தேன். சோப்புத் தூள் போட்டு பிரஷ்ஷால தேச்சேன். கொதிக்கிற தண்ணியில அலசி, மொட்டை மாடியில வெயில்ல காயவச்சு, திரும்ப அடுக்கிட்டேன். எவ்வளவு அழுக்குங்கற? நாலு பக்கெட். உங்க வீட்டுல மனுசங்க எப்படி உசிரோட இருக்கீங்கன்னே தெரியலை." அவர் கதவின் உட்புறத்தைக் காட்டினார். "பெட்டியையும் தொடச்சுட்டேன். இந்தக் கீறலுங்கதான் போகமாட்டேங்குது. உப்புக் காகிதம் வாங்கிட்டு வரட்டுமா?"

தையல்காரம்மா சட்டென்று கதவின் முன்னால் போய் நின்றுகொண்டார். "அதைத் தொட்ட, கையை ஒடிச்சுடுவேன்" என்றார். கல்லைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உள்ளே தொடாதே என்று புருஷன் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் சுத்தமாக இருப்பதைப் பார்த்துத் திட்டுவதற்கு அவருக்கும் வாய் வரவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் சேற்று வாடை இல்லை.

புதன்கிழமை காலை மாப்பிள்ளை சாப்பிடவில்லை. தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினார். அவர் படுத்துப் புரளும் கடல் சாமந்தி, பூ மாதிரி விரிகிற பிராணி, சுருங்கி, நனைந்த கையுறை மாதிரி கிடந்தது. அம்மா சொட்டு மருந்தை விட்டுக் குலுக்கினார். நிறத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. நூல்கண்டு டப்பாவை எடுத்துவந்து ஒவ்வொரு கண்டாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மஞ்சள் இல்லை. எலுமிச்சை இல்லை. பள்ளிக்கூடச் சீருடைக்குத் தைக்கிற பச்சையோடு கச்சிதமாகச் சேர்ந்தது.

சரியாக அப்போது ஃபோன் அடித்தது.

"மாப்பிள்ளை சாப்பிட்டாரா?" என்றார் லிஃப்ட்காரர்.

"ம். சாப்பிட்டாரு."

"தண்ணி என்ன கலர்?"

"மஞ்சள்."

"எந்த மஞ்சள்?"

"மஞ்சள்ல எத்தனை இருக்கு? நீங்க காலைப் பாருங்க" என்று ஃபோனை வைத்துவிட்டார். லிஃப்ட்காரருக்கு ரத்தக் கொதிப்பு ஏறக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அம்மா பயந்தது அதற்கு மட்டுமல்ல. பொண்ணு செத்த அன்றைக்கு மகள் அழுதாள். அப்பா அழவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் லிஃப்ட்டின் கீழ்க்குழிக்குள் இறங்கிப் போய் ஒரு மணி நேரம் எதையோ ரிப்பேர் செய்தார். அன்றைக்கு அந்த லிஃப்ட்டில் எந்த ரிப்பேரும் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். மாப்பிள்ளை போய்விட்டால் சனிக்கிழமை அந்த மனிதர் கட்டுக்காலோடு எந்தக் குழிக்குள் இறங்குவார்?

வளர்ப்பு மீன் கடைக்காரரைக் கூப்பிட்டார். ஃபோனில் நடந்ததைச் சொன்னார்.

"அக்கா, கல்லையா கழுவினாரு?"

"ஆமா."

"சோப்புப் போட்டா?"

"சோப்புப் போட்டு."

"அக்கா, அது கல்லு இல்லைக்கா. அதுதான் தொட்டியோட ஈரல். அதுல குடியிருந்த பூச்சிங்க எல்லாம் காலி. உள்ளே செத்ததெல்லாம் இப்ப அழுகுது. முதல்ல அந்தக் கல்லையெல்லாம் வெளியே எடுங்க. உப்புத் தண்ணி கலக்கி, காலையில பாதி, சாயங்காலம் பாதின்னு மாத்துங்க. அது ரெண்டு நாள் தாங்கும். ஆனா உயிருள்ள கல்லு இல்லாம மாப்பிள்ளை பிழைக்கமாட்டாரு."

"உங்க கடையில இருக்கா?"

"என்கிட்ட இருக்கறது காஞ்ச கல்லு. நல்ல தண்ணித் தொட்டிப் பஞ்சு வேணுமானா வண்டி வண்டியா கிடைக்கும், அது உப்புத் தண்ணிக்கு ஆகாது. இந்த ஊர்ல வயசான கடல் தொட்டி ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு உங்க வீடு."

"இன்னொண்ணு?"

"உங்களுக்கே தெரியும்க்கா" என்று சொல்லிவிட்டு அவர் யாரிடமோ பேசப் போய்விட்டார்.

பினாயில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருஷமா அந்தப் பூச்சிங்களைக் கொல்றதுக்குத்தானேக்கா எனக்குச் சம்பளம். அதுல நல்லது இருக்குன்னு யாரும் சொல்லலையே."

"சொன்னாரு. உனக்குச் சொல்லலை, எனக்குச் சொன்னாரு. எழுந்திரு, வாளியை எடு."

அன்று முழுக்க அவர்தான் தண்ணீர் சுமந்தார். இடைவேளையில் தொட்டிமுன் ஸ்டூல் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, மாப்பிள்ளையின் செவுள் நிமிஷத்துக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்று எண்ணினார். ஆஸ்பத்திரியில் கட்டில் கால்மாட்டில் தொங்குமே, அது மாதிரி ஓர் அட்டையில் கட்டம் போட்டு எழுதித் தொட்டியில் மாட்டினார். காலை: நூற்று முப்பது. மத்தியானம்: நூற்று நாற்பத்திரண்டு. ஆகாரம்: இல்லை. நோயாளியின் பெயர் என்ற இடத்தில் 'மாப்பிள்ளை' என்றும், ஆணா பெண்ணா என்ற இடத்தில் அக்காவைக் கேட்டுவிட்டு 'இரண்டும்' என்றும் எழுதினார்.

இப்போது பல் டாக்டர்.

ஒரு காலத்தில் ஞாயிறு தவறாமல் அந்த வீட்டுக்கு வந்தவர் அவர். அவருடைய கடல் தொட்டிக்கு முதல் கல் கொடுத்தது லிஃப்ட்காரர்தான். இருவரும் தொட்டிமுன் உட்கார்ந்து உப்பு எவ்வளவு இருக்கவேண்டும் என்று சண்டை போடுவார்கள். லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் என்பார் டாக்டர். முப்பத்துமூன்று போதும் என்பார் இவர். அந்த இரண்டுக்காகப் பத்து வருஷம் சண்டை போட்டார்கள். ஜன்னலோரம் அம்மாவின் மெஷின் ஓடும். அந்த மூன்று சத்தமும் சேர்ந்ததுதான் அந்த வீட்டு ஞாயிற்றுக்கிழமை.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு. எட்டு மாதம் காத்திருந்து வரவழைத்த தேவதை மீன் ஒன்றைப் பையில் எடுத்துக்கொண்டு டாக்டர் தன் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் லிஃப்ட் ஏறினார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் அது நின்றது. அந்த லிஃப்ட்டையும் பார்த்துக்கொண்டது இவர்தான். வாட்ச்மேன் வீட்டுக்கு ஃபோன் செய்தார். எடுத்தது தையல்காரம்மா. கையில் கல்யாணப் பெண்ணின் உடுப்பு, சாயங்காலம் கொடுத்தாகவேண்டும். வீட்டுக்காரர் தொட்டிமுன் மண்டிபோட்டுக் குழாயில் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளே இருப்பது யார் என்று அம்மா கேட்கவில்லை. "அரை மணி நேரம் ஆகும்" என்று சொல்லி வைத்தார். அப்புறம் உடுப்பில் மூழ்கி, சொல்ல மறந்தே போனார். லிஃப்ட்காரர் போய்ச் சேர இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. டாக்டர் பையைச் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுத்துப் பார்த்திருக்கிறார். கதவு திறந்தபோது மீன் செத்துப்போயிருந்தது. அவர் பையோடு படியிறங்கிப் போனார். அன்று முதல் எந்த லிஃப்ட்டிலும் ஏறவில்லை. இந்த வீட்டுக்கும் வரவில்லை.

லிஃப்ட்காரரும் மனைவியிடம் அந்த ஃபோனைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா அழுது தீர்த்திருப்பார். கேட்காததால் பதினோரு வருஷம் சுமந்தார்.

வியாழக்கிழமை காலை பல் ஆஸ்பத்திரி காத்திருப்பு அறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏழு பேர். எட்டாவதாக அம்மா. சுவருக்குள் பதித்த தொட்டியில் கடல் சாமந்திகள் விரிந்து ஆடின.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் முடி நரைத்து, மூக்குவரை துணி கட்டியிருந்தார். அம்மாவை அடையாளம் தெரிந்ததா என்று சொல்லமுடியாது. "உக்காருங்க. ஆ காட்டுங்க" என்றார். அம்மா பேச வாயைத் திறந்தார். டாக்டர் அதற்குள் கண்ணாடிக் கரண்டியை விட்டுவிட்டார்.

வாயை மூடினால் தைரியம் போய்விடும் என்று அம்மாவுக்குத் தோன்றியது. அப்படியே, திறந்த வாயோடு, பதினோரு வருஷக் கதையைச் சொன்னார். ஃபோனை எடுத்தது தான் என்றும், அரை மணி என்று சொன்னது தான் என்றும், வீட்டுக்காரர் பேரில் தப்பில்லை என்றும் சொன்னார். வேறு யாராவது கேட்டிருந்தால் புறா முனகுவதாக நினைத்திருப்பார்கள். டாக்டர் முப்பது வருஷமாகத் திறந்த வாய்களோடு பேசிப் பழகியவர். ஓர் எழுத்து விடாமல் புரிந்துகொண்டார். கரண்டியை எடுத்தார்.

"கீழே வலது பக்கம் ஒண்ணு ஆடுது" என்றார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "மாப்பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டார்.

"எப்படித் தெரியும் டாக்டர்?"

"பதினோரு வருஷமா வராதவங்க பல்லு ஆடுதுன்னா வருவாங்க?"

அம்மா சொன்னார். சோப்புத் தூள் என்ற இடத்தில் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் ஒரு வாளி கேட்டார். காத்திருப்பு அறைக்கு வந்து, சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டித் தொட்டிக்குள் கையை விட்டார். கன்னத்தைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் எழுந்தார்.

"டாக்டர், நான்தான் அடுத்தது."

"பல்வலி எங்கேயும் போயிடாது. உக்காருங்க."

இரண்டு கற்கள் வந்தன. தலையணை அளவு ஒன்று. தேங்காய் அளவு ஒன்று. ஊதாவும் பழுப்புமாக, மேலெல்லாம் சின்னச் சின்னப் புழுக்களும் பாசியுமாக, நல்ல சேற்று வாடையோடு இருந்தன. தையல்காரம்மாவுக்கு அந்த வாடையை மோந்ததும்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

"அழுவாதீங்க. இது உங்க வீட்டுக் கல்லுதான். இரவல் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கறேன்" என்றார் டாக்டர்.

வாளியைத் தானே தூக்கிக்கொண்டு நான்கு மாடி படி இறங்கினார். இந்தக் கட்டடத்துக்கு வந்து மூன்று மாடி படி ஏறினார். மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கினார். லிஃப்ட் பக்கத்திலேயே சும்மா நின்றுகொண்டிருந்தது. அதை அவர் பார்த்த பார்வையை, சொத்தைப் பல் பார்த்திருந்தால் தானாக விழுந்திருக்கும்.

வீட்டில் பினாயில் கதவைத் திறந்தார். கையில் பிரஷ் இல்லை என்பதை முதலில் கவனித்துக்கொண்டுதான் டாக்டர் உள்ளே வந்தார். கற்களைக் கீழ்த்தொட்டியில் வைத்தார். மாட்டியிருந்த அட்டையை எடுத்து வாசித்தார்.

"இது யார் எழுதினது?"

"நான்தாங்க" என்றார் பினாயில், தூக்குத் தண்டனை வாங்க வந்தவர் மாதிரி.

"நல்லா எழுதியிருக்கீங்க. மணிக்கு ஒரு தடவை எண்ணுங்க. நூறுக்குக் கீழே வந்தா எனக்கு ஃபோன் பண்ணுங்க."

வியாழன் மத்தியானம் நூற்று முப்பத்தெட்டு. சாயங்காலம் நூற்று இருபது. வெள்ளி காலை சொட்டு மருந்து எலுமிச்சை நூலோடு சேர்ந்தது. வெள்ளி மத்தியானம் தொண்ணூற்றாறு. பினாயில் ஃபோன் பண்ணினார். மறுமுனையில் யாரோ திறந்த வாயோடு முனகிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் "சந்தோஷம்" என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் மாப்பிள்ளை அரைச் சிட்டிகை சாப்பிட்டார். பினாயில் அதை அட்டையில் சிவப்பு மையில் எழுதினார்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கீழே லிஃப்ட் கதவு இழுபட்டது. தையல்காரம்மா தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை சாமந்திக்குள் படுத்திருந்தார். லிஃப்ட் முனகிக்கொண்டு ஏறியது. முதல் மாடி தாண்டியது. மாப்பிள்ளை எழுந்தார். மெதுவாக, கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்தபடி நீந்தி, தொட்டியின் இடது மூலைக்கு வந்து நின்றார். அம்மா போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

லிஃப்ட்காரர் இரண்டு ஊன்றுகோலோடு வந்து தொட்டிமுன் உட்கார்ந்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு மரப்பெட்டியைத் திறந்து கீழே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பினாயில் சமையலறைப் பக்கம் போய், ஏற்கெனவே கழுவின டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தார்.

"பல் டாக்டர் எப்ப வந்தாரு?" என்றார்.

"யார் சொன்னா?" என்றார் அம்மா.

"அந்தப் பெரிய கல்லுல ஓரமா ஒரு ஓட்டை இருக்கு பாரு. அவருக்குக் கொடுக்கறப்ப நான் போட்டது. லிஃப்ட் தண்டவாளம் துளைக்கிற டிரில்லால."

அம்மா மெஷினில் போய் உட்கார்ந்தார். தைக்கத் துணி எதுவும் இல்லை. சொன்னார்: மொட்டை மாடி, பச்சை நூல், திறந்த வாய், எல்லாம். கடைசியில், "அன்னிக்கு ஃபோனை எடுத்தது நான்தான். அரை மணின்னு சொல்லிட்டு உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அன்னிக்கே. நீ சொன்னது காதுல விழுந்துச்சு. எங்கயோ லிஃப்ட் நின்னிருக்குன்னு தெரியும். உள்ளே யாருன்னுதான் தெரியாது. தண்ணி பாதி இறங்கியிருந்துச்சு, நடுவுல எப்படி எழுந்திரிக்கிறதுன்னு உக்காந்துட்டேன். முடிச்சேன், உப்பு அளந்தேன், மாப்பிள்ளைக்குச் சாப்பாடு போட்டேன். அப்புறம்தான் போனேன்."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ மறந்துட்டேன்னு நீயே நினைச்சுக்கிட்டிருந்த. எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு."

பதினோரு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்ட அம்மா வாயைத் திறந்தார். "காலை நீட்டி உக்காருங்க" என்றார்.

"மச்சான்" என்று லிஃப்ட்காரர் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "அந்த டம்ளரையாவது உசிரோட விடுங்க."

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் தன் வாளியைத் திரும்ப வாங்க வந்தார். படியேறித்தான் வந்தார். வாளியை வாங்க ஒரு நிமிஷம் போதும். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். முழங்காலைப் பற்றியும் பல்லைப் பற்றியும், இரண்டு நீதிபதிகள் மாதிரி, ஒருவரை ஒருவர் பார்க்காமல் பேசினார்கள். கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடவா என்று லிஃப்ட்காரர் கேட்டார்; ஆறு மாதம் ஆகட்டும் என்றார் டாக்டர். உப்பைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

கிளம்பும்போது டாக்டர் படியைப் பார்த்து நடந்தார். லிஃப்ட்காரர் ஒரு ஊன்றுகோலை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, லிஃப்ட்டின் வெளிக்கதவை இழுத்துத் திறந்து, தானே முதலில் உள்ளே போய் நின்றார்.

"ஏறுங்க டாக்டர். நானும் கீழே வரேன். நின்னா ரெண்டு பேரும் நிப்போம்."

டாக்டர் வாசலில் நின்ற தையல்காரம்மாவைப் பார்த்தார். கையிலிருந்த வாளியைப் பார்த்தார். காலி வாளி, சாகிறதுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஏறிக்கொண்டார். கம்பிகளுக்கு நடுவே அவர்கள் தலை இறங்கி மறையும்போது, புருஷனுடைய கை உள்கதவுப் பிடியின் மேல் சும்மா வைத்தது மாதிரி இருப்பதை அம்மா கவனித்தார்.

இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது.

பினாயில் பதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். உள்ளே ஃபோன் அடித்தது. அம்மா எடுத்தார். கீழே வாட்ச்மேன். "அம்மா, லிஃப்ட் நின்னுடுச்சும்மா. உள்ளே ஆள் இருக்காங்க. மெக்கானிக்கை வரச் சொல்லவா?"

அம்மா ஃபோனைக் கையில் பிடித்தபடியே காதைத் தீட்டிக் கேட்டார். லிஃப்ட் குழிக்குள்ளிருந்து இரண்டு கிழட்டுக் குரல்கள் ஏறி வந்தன.

"முப்பத்துமூணுல வச்சா சாமந்தி எப்படிய்யா விரியும்?"

"என் வீட்டுல முப்பது வருஷமா விரியுது. நீங்க கல்லைக் கொடுத்ததனால அளவையும் மாத்திக்கணுமா?"

"மாத்தித்தான் ஆகணும். முப்பத்தஞ்சு."

தொட்டியில் மாப்பிள்ளை இடது மூலைக்கு வந்து காத்திருந்தார். அம்மா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, ஊசியில் எலுமிச்சை நிற நூலைக் கோத்தார்.

"அரை மணி நேரம் ஆகும்" என்று சொல்லி ஃபோனை வைத்தார்.